லூயி ராசாக்களின் கதிரைகளும் எங்கள் சோதிநாதன் அத்தானும்

அக்காவின் தொலைபேசி வந்தபோது நான் லாசாலில் ஒரு கலியாண மண்டபத்தில் ஏணியில் நின்று மணவறைக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தேன். நான் மணவறை போடாத கலியாணம் மொன்றியலில் கலியாணக் கணக்கிலேயே வராது என்று சனம் சொல்லும். ஆகவே எனக்கு நல்லதும் கெட்டதும் ஏணியில்தான் வந்து சேரும்.

“தம்பி, இவர் எழும்புறார் இல்லையடா,” என்றா அக்கா.

“எங்கை, கட்டிலிலையோ?”

“இல்லை. கதிரையிலை.”

உண்மையைச் சொன்னால் முதலில் எனக்கு வந்தது அழுகை அல்ல, ஆச்சரியம். பழைய நினைப்பில், அந்த வீட்டில் ஒரு மனிதப் பிறவி கதிரையில் இருந்ததோ என்று கேட்கப் பார்த்தேன்.

அப்படித்தான் என் மூத்த அக்கா மனோகரியின் கணவர் அமரர் சோதிநாதன் அவர்கள் காலமான செய்தி எனக்குக் கிடைத்தது. அக்கா வீடிருக்கும் அஹுன்ட்சிக் வரை நான் வானை ஓட்டவில்லை, பறக்கவிட்டேன். ஒரு சிவப்பு விளக்குக்கூட என்னை மறிக்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வெளியிடும் இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுதும்படி என் மருமகள் சுபாதான் கேட்டாள். அவள் அவர்களின் ஒரே பிள்ளை. “மாமா, சில் வூ ப்ளே, நல்லதா எழுதுங்கோ. அப்பாவோடை இனியும் சண்டை பிடிக்காதேங்கோ,” என்று பிரெஞ்சும் தமிழுமாகக் கெஞ்சினாள். பிள்ளை கேட்டுவிட்டாள். ஆனால் அத்தானைப் பற்றி நல்லதை மட்டும் எழுதினால், வாசிக்கிற சனம் இது வேறு ஆரோ ஒரு சோதிநாதன் என்று நினைத்து மலரைத் திருப்பித் தந்துவிடும். அவருக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. அது ஊரறிந்த விசயம். அவர் போய்விட்டார் என்பதற்காக நான் கட்சி மாறப் போவதில்லை.

என் வழக்கு ஒன்றே ஒன்றுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரான்ஸ் தேசத்து ராசாக்களின் கதிரைகளால் வீட்டை நிரப்பிய அந்த மனிதர், என் அக்காவை அவற்றில் ஒன்றிலும் இருக்க விடவில்லை. கலியாணம் முடித்து வந்த நாள்தொட்டு அவர் கண்மூடும்வரை, அவ தன் சொந்த வீட்டில் அந்த ராசாக்களின் கதிரை ஒன்றில் முதுகு சாய்த்ததை நான் கண்டதில்லை. இனி வருவதெல்லாம் அதன் விபரம்.

அத்தான் படித்தவர். ஊரில் உயர்தர வகுப்பு, ஏ.எல். வரை போனவர். நான் எட்டாம் வகுப்போடு, வாத்திமாருக்கு இனிச் சொல்லித்தர ஒன்றும் மிச்சமில்லாத நிலையில், பள்ளிக்கூடத்தை விட்டவன். கனடாவுக்கு வந்த புதிதில் இரண்டு பேருக்கும் ஒரே வேலை: நகரத்தின் மேற்குப் பக்கத்தில் ஒரு மதாம் நடத்திய பழைய தளபாடக் கடையில் சாமான் தூக்குவது. பியானோவைப் போலப் பாரமான அலுமாரிகளை நான் ஒற்றைக் கையால் தூக்கி, மற்றக் கையால் கதவு திறந்தவன். அத்தான் தூக்க மாட்டார், தடவுவார். கதிரையைக் கவிழ்த்துப் போட்டு, அடிப்பக்கத்தில் மரம் எப்படி அறுக்கப்பட்டிருக்கிறது, ஆணியா மர முளையா என்று பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு மதாமிடம் பிரெஞ்சில் ஏதோ சொல்வார். மதாம் “வுவாலா!” என்று கைதட்டுவா. கொஞ்சக் காலத்தில் அவர் பழுது பார்ப்பவரானார். நான் தூக்கிக்கொண்டே இருந்தேன்.

முதல் சண்டை ஒரு மத்தியானம். சாப்பாட்டு நேரத்தில் கிட்ட இருந்த கதிரையில் குந்தி, புட்டுப் பொதியை மடியில் விரித்தேன். அத்தான் கடையின் மறுகோடியிலிருந்து ஓடி வந்தார்.

“எழும்பும்! எழும்பும் ஐசே! அதிலை ஆர் இருந்தவை எண்டு தெரியுமோ உமக்கு?”

“ஆர்?”

“பிரெஞ்சுச் சீமாட்டி ஒருத்தி.”

“இப்ப இல்லைத்தானே? வந்தா எழும்புறன்.”

அன்றைக்கு அவர் என்னோடு கதைப்பதை நிறுத்தினார். நான் அந்த வேலையை விட்டு மணவறைத் தொழிலுக்குப் போனதற்கு அதுதான் காரணம் என்று சிலர் சொல்வார்கள். அப்படியல்ல. எனக்கு வருங்காலம் தெரிந்திருந்தது.

இந்தக் கதிரைகளைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அத்தான் சொன்னால் கேட்கிறவரின் தேத்தண்ணி ஆறி, பாலாடை கட்டிவிடும். நான் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் லூயி பதினான்கு. பெரிய ராசா. உயர்ந்த முதுகு, சதுரமான கால்கள், எங்கும் தங்கம். அதில் இருக்கிறவர் தீர்ப்புச் சொல்லப் போகிறார் போலத்தான் இருப்பார். சாய முடியாது. அவருக்குப் பிறகு லூயி பதினைந்து. இந்த ராசா காலத்தில் கதிரையில் நேர்கோடே இல்லை. கால் மான்காலைப் போல வளையும், மேலே சிப்பியும் இலையும் கொடியும். பெண்கள் அகலப் பாவாடை உடுத்தார்கள் என்று கைப்பிடியைப் பின்னுக்குத் தள்ளி வைத்தார்கள். இரண்டு பக்கமும் துணியால் அடைத்து, மெத்தை போட்டு, பெர்ஜேர் என்றொரு கதிரை வந்ததும் அப்போதுதான். பிறகு லூயி பதினாறு. எரிமலைச் சாம்பல் மூடிய ஒரு பழைய ஊரைத் தோண்டி எடுத்தார்களாம். உடனே எல்லாருக்கும் பழைய தூண்களில் ஆசை வந்துவிட்டது. கதிரைக்கால் நேராகி, கோயில் தூண் போல வரி விழுந்தது. தலை போகப்போகிறதென்று அந்த ராசாவுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது, அதனால்தான் அடக்கமாகிவிட்டார் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. மதாமிடம் அதைச் சொன்னபோது அவ வாயடைத்து நின்றா. அதற்குப் பிறகு நெப்போலியன்: சிங்கத் தலை, அன்னம், எங்கள் கோயில் வாகனங்களைப் போல. கடைசியில் அவருடைய தம்பியின் மகன் மூன்றாம் நெப்போலியன் வந்து எல்லா ராசாக்களின் பாணியையும் ஒன்றாகக் கலந்து, பஞ்சை அடைத்து, பொத்தான் தைத்து, குஞ்சம் தொங்கவிட்டார்.

எனக்கு அந்தக் கடைசி ஆளைத்தான் பிடிக்கும். அத்தானுக்கு அவரைக் கண்ணில் காட்டக் கூடாது. “அதோடை வரலாறு கெட்டுப்போச்சு,” என்பார். “ஏன் அத்தான், இருக்கச் சுகமாத்தானே இருக்கு?” என்று கேட்டால், “சுகம் வேறை, கதிரை வேறை,” என்பார். இதை ஒரு மனிதர் நல்ல நினைவோடு சொன்னார். நான் என் காதால் கேட்டேன்.

மதாம் கடையை மூடியபோது ஒருவரும் எடுக்காத உடைசல்களையெல்லாம் அவருக்குக் கொடுத்தா. அவர் அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அஹுன்ட்சிக்கில் இரண்டாம் மாடி, வெளியால் ஏறும் வளைந்த இரும்புப் படி. அந்தப் படியில் ராசாக்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். பசை காய்ச்சினார், கால் பொருத்தினார், குதிரை மயிர் அடைத்தார், எங்கேயோ தேடிப் பட்டுத்துணி எடுத்துப் போர்த்தார். ஒன்றிரண்டு அசல், மற்றவை பிறகு வந்த நகல். அதையும் அவரே சொல்வார், மறைக்க மாட்டார். அந்த ஒரு நேர்மையை நான் இங்கே பதிகிறேன். ஹோலில் யன்னலடியில் லூயி பதினான்கு, அடுத்து பதினைந்து, அடுத்து பதினாறு, அப்படியே குசினிக் கதவடியில் மூன்றாம் நெப்போலியன். ஒவ்வொரு கதிரையின் கைப்பிடிக்கும் கைப்பிடிக்கும் நடுவில் ஒரு சிவப்புக் கயிறு.

வந்தவர்கள் நின்றார்கள். வடை நின்று சாப்பிட்டார்கள். ரொறன்ரோவிலிருந்து வந்த ஒரு பெரியவர் நின்றபடியே தேத்தண்ணி குடித்துவிட்டு, “கும்பிட்டுப் போட்டு வெளிக்கிடுவம்,” என்று மனைவியைக் கூட்டிக்கொண்டு இறங்கினார்.

அக்காவுக்கு ஒரு பிளாஸ்ரிக் ஸ்ரூல். அதிலிருந்து மரக்கறி வெட்டுவா, அதைக் குசினி வாசலுக்கு இழுத்து அதிலிருந்தே தொலைக்காட்சி நாடகம் பார்ப்பா. முதுகுக்கு ஒன்றுமில்லை. ஒருநாள் நான் பொறுக்க மாட்டாமல் கேட்டேன்.

“அத்தான், இவ்வளவு கதிரை இருக்க அக்கா ஸ்ரூலிலை இருக்கிறா. உங்களுக்கு வெக்கமாயில்லையோ?”

அவர் அசையவில்லை. “தம்பி, உமக்கு வரலாறு தெரியாது. லூயி பதினாலின்ரை அரண்மனையிலை ராசாவுக்கு முன்னாலை எல்லாரும் நிக்க வேணும். பெரிய பிரபுக்களின்ரை பெண்சாதிமாருக்கு மட்டும்தான் ஸ்ரூல். அதுக்கு அவையள் அடிபட்டவை. நான் உம்மடை அக்காவை எந்த இடத்திலை வைச்சிருக்கிறன் எண்டு பாரும்.”

“அந்த ஸ்ரூல் மூலைக்கடைத் தெப்பனேரிலை வாங்கினது அத்தான்.”

அக்கா குசினிக்குள்ளிருந்து சிரித்தா. நான் வென்றேன். ஆனால் ஸ்ரூல் ஸ்ரூலாகவே இருந்தது.

அவர் என் தொழிலுக்குச் செய்ததையும் எழுதத்தான் வேண்டும். மாப்பிள்ளை பொம்பிளை இருக்க நான் ஒரு சோடி ராசா கதிரை வைத்திருக்கிறேன். பொன் பூச்சு, சிவப்பு வெல்வெற், உச்சியில் கிரீடம். கனடாவில் அதைப் போல வேறு இல்லை. ஒரு சொந்தக்காரக் கலியாணத்தில், மாப்பிள்ளை இன்னும் வரவில்லை, சபை நிறைந்திருக்கிறது, நாதஸ்வரம் ஊதுகிறது. அத்தான் பட்டு வேட்டியோடு மேடையில் ஏறினார். ஆசீர்வதிக்கப் போகிறார் என்று எல்லாரும் நினைத்தோம். அவர் நேரே போய் மாப்பிள்ளைக் கதிரையைக் கவிழ்த்தார். கமராக்காரர் அதையும் எடுத்தார்.

“இதென்ன தம்பி, கால் லூயி பதினைஞ்சு, முதுகு பதினாலு, தலையிலை நெப்போலியன்? அடியிலை பெட்டிப் பலகை!”

நான் விடவில்லை. ஒலிவாங்கி கையிலிருந்தது. “அத்தான், என்ரை கதிரையிலை சனம் இருக்குது. உங்கடையிலை தூசிதான் இருக்குது!”

சபை கைதட்டியது. எண்ணாயிரம் பேர் இருந்திருப்பார்கள். அவர் கதிரையை நிமிர்த்தி வைத்து, கைக்குட்டையால் துடைத்து, இறங்கிப் போனார். அதற்குப் பிறகு ஒரு தீபாவளி போய் மறு தீபாவளி வரும்வரை நானும் அவரும் கதைக்கவில்லை. அக்கா மட்டும் மாதம் ஒருக்கால் மெற்றோவில் வந்து, இறால் குழம்பை ஐஸ்கிறீம் டப்பாவில் தந்துவிட்டுப் போவா. வந்தால் என் வீட்டுச் செற்றியில் விழுந்து கண்ணை மூடுவா. அதைப் பார்க்க எனக்கு அத்தான்மேல் இன்னும் ஏறும்.

பிறகு அக்காவுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தது. முதுகு தாங்குகிற, காலை நீட்டக்கூடிய கதிரையில்தான் இருக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார். நான் அன்றைக்கே போய் ஒரு றிக்ளைனர் எடுத்தேன். பக்கத்துப் பிடியை இழுத்தால் கால் மேலே வரும், முதுகு பின்னே போகும். கடையில் இருந்ததிலேயே பெரியது. மாசி மாதம், இரும்புப் படி முழுக்கக் கண்ணாடி மாதிரி ஐஸ். என் வான் சாரதி கீழே பிடிக்க, நான் மேலே இழுத்தேன். உண்மையில் முழுப் பாரமும் என்னில்தான்.

மேல்படியில் அத்தான் நின்றார், வாசலுக்குக் குறுக்கே, மங்கித் தொப்பியோடு.

“இது இந்த வீட்டுக்குள்ளை வராது.”

“அப்ப அக்காவும் வரமாட்டா. நான் என்ரை வீட்டை கூட்டிக்கொண்டு போறன்.”

“தம்பி, கீழை விழப் போறீர்.”

“விழுந்தா உங்கடை பேரைச் சொல்லித்தான் விழுவன்!”

கீழே காருக்குள் அக்கா கட்டுப்போட்ட காலோடு காத்துக்கொண்டிருந்தா. அவர் அந்தப் பக்கம் ஒருக்கால் பார்த்தார். பிறகு, “கவிட்டுப் போடும்,” என்றார். பனிக்குள், பல்கனியில், அந்தப் புத்தம்புதுக் கதிரையைத் தலைகீழாகப் போட்டோம். அவர் முழங்காலில் நின்று அடியைப் பார்த்தார், இரும்பு விசையைத் தொட்டார், பிடியை இழுத்துக் காலை ஏற்றி இறக்கினார். நெடுநேரம். எனக்கு மூக்கே உறைந்துவிட்டது.

“லூயி பதினாலிலை துடங்கி மனிசர் தேடிக்கொண்டு வந்தது இதைத்தான்,” என்றார் கடைசியில். “ஆனா வடிவில்லை.”

உள்ளே எடுக்க விட்டார். ஆனால் அதற்குரிய இடத்தில்தான் வைக்க வேண்டும் என்றார். குசினிக் கதவடியில், மூன்றாம் நெப்போலியனுக்கு அடுத்ததாக, வரிசையின் கடைசியில். “வரலாற்றிலை அதின்ரை இடம் அது,” என்றார். கயிறும் கட்டினார், வந்தவர்கள் இருக்கக் கூடாதென்று. அக்காவுக்கு மட்டும் அவிழ்த்தார்.

அன்றைக்கு அக்கா அதில் சாய்ந்து காலை நீட்டியதைப் பார்த்துவிட்டுத்தான் நான் இறங்கினேன். மொன்றியல் முழுக்கச் சொன்னேன். மேற்குக் கோடியிலுள்ள சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் படிக்கிற பிள்ளைகளுக்குக்கூட என் வெற்றி தெரிந்திருந்தது.

பனி உருகின கையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். றிக்ளைனரில் கால் இரண்டும் ஆகாயத்தில் இருக்க, வயிற்றில் ஒரு கோப்பை கச்சான் கடலையோடு, ஹொக்கி பார்த்துக்கொண்டிருந்தவர் அத்தான். அக்கா ஸ்ரூலில் இருந்தா.

“தம்பி, வாரும். நீர் சொன்னது சரி,” என்றார். “இது நல்ல கதிரை.”

எங்கள் இருவரின் வாழ்நாளில் அவர் என்னோடு ஒத்துப்போனது அந்த ஒரு தடவைதான். அதைவிடப் பெரிய கொள்ளையை நான் கண்டதில்லை.

“அக்கா, நீ ஏன் விட்டனீ?” என்று குசினிக்குள் கேட்டேன்.

“அவருக்கு நெஞ்சு ஏலாமல் கிடக்கு. படுத்தால் மூச்சு முட்டுதாம். அதிலை சாஞ்சால்தான் நித்திரை வருது. எனக்குக் கால் நோ மாறிட்டுது தானே.”

“அப்ப மற்றதுகளிலை ஒண்டிலை இரன்!”

அக்கா வெங்காயத்தை வெட்டினா. நெஞ்சு ஏலாத மனிதரோடு சண்டை பிடிக்க முடியாது. அதையும் அவர் எனக்கு எதிராகத்தான் பாவித்தார். அந்தக் கோடை முழுவதும் நான் போகும்போதெல்லாம் அவர் அதில் படுத்தபடி, “அந்தப் பெர்ஜேரிலை வெயில் படுது, யன்னல் சீலையை இழுத்து விடும்,” என்று எனக்குக் கட்டளை போடுவார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து விடுவேன். அந்தக் கதிரையிலேயே, இலை கொட்டுகிற ஒரு காலையில், அவர் போனார்.

சவச்சாலையில் சனம் நிறைந்திருந்தது. அதை நான் ஒத்துக்கொள்ள வேண்டும். வயதுபோன மதாம் கூட ஊன்றுகோலோடு வந்து அவருடைய கையைத் தொட்டு அழுதா. சுவரோரம் நேர்கால் கதிரைகள் வரிசையாக இருந்தன. ஒருவரும் பார்க்காத நேரம் நான் ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தேன். லூயி பதினாறு மாதிரி, ஆனால் அடியில் ஒட்டுப் பலகை. திரும்பி, “அத்தான், போலி,” என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் பெட்டிக்குள் இருந்தார். எனக்கு அப்போது கண் கலங்கியது என்று சுபா எல்லாருக்கும் சொல்லித் திரிகிறாள். அந்த மண்டபத்தில் ஊதுபத்திப் புகை கூடுதல்.

எரியூட்டிவிட்டு எல்லாரும் வீட்டுக்கு வந்தோம். மரக்கறிச் சாப்பாடு வந்தது. சனம் பழக்கத்தில் கோப்பையோடு நின்றது. ஆண்களும் பெண்களும் சுவரோரம், ராசாக்களுக்கு இடித்துவிடாமல். அக்கா வெள்ளைச் சேலையோடு நடுவில் நின்றா. நான் என் கடமையைச் செய்தேன். றிக்ளைனரின் கயிற்றை அறுத்தேன். துடைத்தேன். அக்காவின் கையைப் பிடித்தேன்.

“வா அக்கா. இனி இது உன்ரை. ஆரும் எடுக்கேலாது.”

அக்கா கையை விடுவித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனா. யன்னல் பக்கம், இரண்டாவது. லூயி பதினைந்து. மஞ்சள் பட்டுப் போர்த்த அந்தப் பெர்ஜேர். கயிற்றைக் கழற்றிக் கீழே போட்டா. சேலையை ஒதுக்கிக்கொண்டு, மெதுவாக, முழு உடம்பையும் வைத்து இருந்தா. மரம் முனகியது. முதுகைச் சாய்த்தா. இரண்டு கையையும் இரண்டு பிடியில் வைத்தா.

“அக்கா, மற்றதெல்லோ சுகம்?” என்றேன்.

“எனக்கு அது வேண்டாமடா. அதை நீ கொண்டு வந்தனீ, அவர் அதிலை இருந்தார். எனக்கு வந்த நாளிலை இருந்து இதிலைதான் ஆசை.”

“இதிலையோ? ஒருநாளும் சொல்லேல்லையே!”

“நீங்கள் ரெண்டு பேரும் கதிரைக்காக இவ்வளவு காலம் அடிபட்டியள். ஒருக்கா எண்டாலும் ஆரும் என்னட்டைக் கேட்டனீங்களோ?”

எனக்கு இருநூறு பதில் தெரியும். “சுகமாயிருக்கோ?” என்று மட்டும் கேட்டேன்.

“இல்லை. குதிரை மயிர் முதுகிலை குத்துது. தேத்தண்ணி கொண்டா.”

கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டுச் சூட்டோடு கோப்பையைக் கைப்பிடி மரத்தில் வைத்தா. சுபா, “மமோ! அம்மா!” என்று கத்தினாள். நான் துடைக்கத் துணியோடு பாய்ந்தேன். “விடு,” என்றா அக்கா. விட்டோம்.

சோதிநாதன் அத்தான், நீங்கள் படித்த மனிதர், கெட்டிக்காரக் கையுடைய மனிதர், மனிசர் இருக்கிறதற்குத்தான் கதிரை என்பதை மட்டும் படிக்காத மனிதர். உங்களை நான் மன்னிக்கவில்லை, நீங்களும் என் ராசா கதிரையை மன்னித்திருக்க மாட்டீர்கள், ஆகவே கணக்குச் சரி. போய் வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. போய்ச் சேருங்கள். ஆனால் போகும்போது தயவுசெய்து திரும்பி இந்தப் பக்கம் பார்க்க வேண்டாம், தாங்கமாட்டீர்கள். யன்னல் சீலையை ஒருவரும் இழுத்துவிடவில்லை. நல்ல வெயில். உங்கள் பெர்ஜேரின் கைப்பிடியில் வட்டமாக ஒரு வெள்ளை அடையாளம் விழுந்துவிட்டது. அக்கா அதில் சாய்ந்து நித்திரை கொள்கிறா, வாயைத் திறந்தபடி.